முதல் நாள் மாலையே தெரிந்திருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை? 1942 ஏப்ரல் 5, கொழும்பு

இலங்கையில் இன்று ‘ஈஸ்டர் தாக்குதல்’ என்று சொன்னால் 2019இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த கொடுமைதான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரை அதற்கு 77 ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு ஈஸ்டர் ஞாயிறு பற்றியது. 1942 ஏப்ரல் 5 காலை 7.30 மணியளவில் சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் வந்து குண்டு வீசின. அன்று பிற்பகல், தீவுக்குத் தென்மேற்கே நடுக்கடலில், இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இருபது நிமிடத்துக்குள் மூழ்கின.

இந்த நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். ‘ஒரு கனடிய விமானி முன்கூட்டியே பார்த்துச் சொன்னதால் இலங்கை தப்பியது’ என்பது ஒன்று. ‘பிரிட்டிஷார் தூங்கிவிட்டார்கள், ராடார் வேலை செய்யவில்லை’ என்பது மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு கேள்வி எழுகிறது. முதல் நாள் மாலை நான்கு மணிக்கே எதிரியைப் பார்த்தாகிவிட்டது. மறுநாள் காலை விமானிகள் தலைக்கு மேலே குண்டுவீச்சு விமானங்களைக் கண்ட பிறகுதான் ஓடுதளத்தை நோக்கி ஓடினார்கள். இடையில் பதினைந்து மணி நேரம் இருந்தது. அந்த நேரம் எங்கே போயிற்று?

எதிரியைப் பார்ப்பது ஒரு வேலை. பார்த்த செய்தி, அதைக்கொண்டு ஏதாவது செய்யக்கூடியவரிடம் உரிய நேரத்தில் போய்ச் சேர்வது வேறொரு வேலை. இந்த வேறுபாடு பிடிபட்டால் அன்றைய நாள் முழுவதும் புரிந்துவிடும். போர் பற்றி முன்பின் படிக்காதவர்களும் பின்தொடரும்படி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடலில் எவ்வளவு தூரம் தெரியும்?

கொழும்பு காலிமுகத் திடலில் நின்று கடலைப் பாருங்கள். கடலும் வானமும் தொடுவதுபோல் தெரியும் அந்தக் கோடுதான் தொடுவானம். அது எங்கோ நூறு மைலுக்கு அப்பால் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் நிற்கும் ஒருவரின் கண்ணிலிருந்து அதன் தூரம் சுமார் நாலரை கிலோமீட்டர்தான். பூமி உருண்டை என்பதால் அதற்கு அப்பால் கடல் கீழே வளைந்து மறைந்துவிடுகிறது.

உயரே ஏறினால் தொடுவானம் விலகிப்போகும். 30 மீட்டர் உயரமுள்ள பாய்மரத்தின் உச்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தெரியும். 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து, மூடுபனியும் மேகமும் இல்லாவிட்டால், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அக்காலத்துப் போர்க்கப்பலின் மிகப் பெரிய பீரங்கிகூட முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் சுடாது. விமானமோ பல நூறு கிலோமீட்டர் பறந்து அடித்துவிட்டுத் திரும்பும். ஆகவே இரண்டாம் உலகப் போரில் கடற்போர், ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்காத கப்பல்களுக்கு இடையே நடந்தது. அன்று கொழும்பைத் தாக்கிய கப்பல்களைக் கொழும்பில் எவரும் பார்க்கவில்லை.

கப்பல் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு கப்பற்படையை மாலை ஆறு மணிக்குப் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு அது அந்த இடத்தைச் சுற்றி 440 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு இலங்கைத் தீவைப்போல் ஒன்பது மடங்கு! ஒரு முறை பார்த்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வருகிறவர்கள் யார்?

வந்தது வைஸ் அட்மிரல் சூய்ச்சி நகுமோ தலைமையிலான ஜப்பானியக் கப்பற்படை. நான்கு மாதங்களுக்கு முன்பு, 1941 டிசம்பர் 7 அன்று, பேர்ள் ஹார்பரில் அமெரிக்கக் கப்பற்படையைத் தாக்கிய அதே படை, அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். இம்முறை அதில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன: அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, ஸுய்காகு. விமானந்தாங்கிக் கப்பல் என்பது மேல்தளம் முழுவதும் ஓடுபாதையாகவும், அதன் கீழே விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகையாகவும் அமைந்த கப்பல். மிதக்கும் விமானநிலையம் என்றே சொல்லலாம்.

எதிரில் இருந்தவர் பிரிட்டனின் கீழைக் கடற்படைக்குத் தலைவர் அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில். அவரிடமும் மூன்று விமானந்தாங்கிகள் இருந்தன. ஆனால் விமானங்கள் குறைவு, பெரிய கப்பல்களில் பல பழையவை. பகலில் ஜப்பானிய விமானங்களின் எல்லைக்குள் போகக்கூடாது, இரவில் நெருங்கி அடிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். அவருடைய விமானங்கள் சிலவற்றில் ராடார் பொருத்தியிருந்ததால் இருட்டு அவருக்குச் சாதகம்.

தாக்குதல் வரப்போகிறது என்பதும் பிரிட்டிஷாருக்குத் தெரிந்திருந்தது. ஜப்பானியரின் சங்கேத வானொலிச் செய்திகளை உடைத்துப் படிக்கும் குழு ஒன்று கொழும்பிலேயே இயங்கியது. ஏப்ரல் 1 வாக்கில் அடி விழும் என்று அவர்கள் கணித்தார்கள். சோமர்வில் தம் கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே கொண்டுபோய் ஏப்ரல் 2 வரை காத்திருந்தார். யாரும் வரவில்லை. எரிபொருளும் குடிநீரும் குறைந்தன. மாலைத்தீவின் தென்கோடியில் ஜப்பானியருக்குத் தெரியாமல் அமைத்திருந்த அட்டு தளத்துக்குத் திரும்பினார். டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்களை, அதாவது வேகமாக ஓடும் பெரிய போர்க்கப்பல்களை, கொழும்புக்கும், ஹெர்மிஸ் என்ற சிறிய விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கும் அனுப்பினார்.

புயல் எச்சரிக்கை நமக்குத் தெரியும். மூன்று நாள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காத்திருந்து காற்றே வீசவில்லை என்றால் நாலாம் நாள் கடைக்குக் கிளம்பிவிடுவோம். சோமர்விலைக் குறைசொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எரிபொருள் தீர்ந்த கப்பலை வைத்துக்கொண்டு எந்தத் தளபதியும் காவல் காக்க முடியாது. கணிப்பு தவறவும் இல்லை. நாள்தான் தவறியது.

கேட்டலினாவின் கண்

ஏப்ரல் 4. காலிக்குக் கிழக்கே கொக்கலை ஏரியிலிருந்து ஒரு கேட்டலினா கிளம்பியது. அது நீரிலேயே இறங்கி ஏறும் விமானம். வேகம் குறைவு, ஆனால் ஒரு பகல் முழுவதும் கடலுக்கு மேல் பறந்துகொண்டிருக்கும். ஓட்டியவர் கனடிய விமானப்படையின் லெனார்ட் பர்ச்சல். இலங்கைக்கு வந்து இரண்டு நாள்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

மாலை நான்கு மணியளவில், தீவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 360 மைல் தொலைவில், தொடுவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. அங்கிருந்தே திரும்பியிருந்தால் அவர் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் ‘ஏதோ கப்பல்கள் தெரிகின்றன’ என்ற செய்தியால் யாருக்கும் பயன் இல்லை. எத்தனை கப்பல், என்ன வகை, எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று சொல்ல வேண்டும். அதனால் அவர் நெருங்கிப்போனார். ஜப்பானியப் போர்விமானங்கள் சூழ்ந்து சுட்டுக்கொண்டிருந்தபோதே வானொலியாளர் செய்தியை அனுப்பினார். பிறகு விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்து, போர் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் இருந்தார்கள். ‘இலங்கையின் மீட்பர்’ என்ற பெயர் பர்ச்சலுக்கு ஒட்டிக்கொண்டது.

அந்தச் செய்தி என்ன சாதித்தது? நிறையவே சாதித்தது. கொழும்புத் துறைமுகத்தில் நெருக்கியடித்து நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை அன்று இரவே வெளியேற்றப்பட்டன. இன்னொரு பேர்ள் ஹார்பரை எதிர்பார்த்து வந்த ஜப்பானிய விமானிகள் பாதி காலியான துறைமுகத்தைத்தான் கண்டார்கள். டார்செட்ஷயரும் கார்ன்வாலும்கூட இரவோடு இரவாகப் புறப்பட்டுவிட்டன. அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்பதைப் பிறகு பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால், பர்ச்சலின் செய்தி பதினைந்து மணி நேர எச்சரிக்கை. அதைக்கொண்டு கப்பல்களை நகர்த்தலாம், பீரங்கிகளில் ஆளை நிறுத்தலாம், விமானிகளை விடியலில் எழுப்பி வைக்கலாம். இவை எல்லாம் நடந்தன. விமானம் எந்த நிமிடம் மேலே ஏற வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லாது. அதற்கு இன்னொரு வகையான எச்சரிக்கை தேவை.

ராடார் என்பது என்ன?

மலைக்கு எதிரே நின்று கத்தினால் குரல் எதிரொலித்துத் திரும்பும். திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணினால் மலை எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். ராடார் செய்வதும் அதையேதான். குரலுக்குப் பதிலாக வானொலி அலை, காதுக்குப் பதிலாக ஒரு கருவி.

பலர் மனத்தில் ராடார் என்றால் வானத்தின் படம் திரையில் அப்படியே தெரியும் கருவி என்ற எண்ணம் இருக்கிறது. 1942இல் பெரும்பாலும் தெரிந்தது ஒரு கோட்டில் எழும் சிறு துடிப்புதான். அது நம் விமானமா, எதிரியின் விமானமா, பறவைக் கூட்டமா என்று பயிற்சி பெற்ற ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் தொலைபேசியில் ஓர் அறைக்குச் சொல்ல வேண்டும். அந்த அறையில் இருப்பவர்கள், நம் விமானங்களில் எவை வெளியே போயிருக்கின்றன என்று ஒப்பிட வேண்டும். பிறகு விமானத்தளத்துக்குத் தொலைபேசி. அங்கே மணி அடிக்க, விமானிகள் ஓடி, ஏறி, எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். குண்டுவீச்சு விமானங்கள் நிமிடத்துக்கு நான்கு கிலோமீட்டருக்குமேல் வருகின்றன. ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர்விமானம் சண்டையிடத் தேவையான ஐந்தாயிரம் மீட்டர் உயரத்தை அடைய எட்டு நிமிடமாவது வேண்டும். தொலைபேசிக்கும் ஓட்டத்துக்கும் நான்கு நிமிடம் சேர்த்தால் பன்னிரண்டு. ஆக, எதிரி ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே துடிப்பைப் பார்த்து, புரிந்துகொண்டு, சொல்லியாகிவிட வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மற்றவை எவ்வளவு உறுதியாக இருந்தும் பயன் இல்லை.

கொழும்பில் ராடார் நிலையம் புதிதாக அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதிலிருந்து எந்த எச்சரிக்கையும் விமானிகளுக்கு உரிய நேரத்தில் வரவில்லை. இங்கிலாந்தில் இந்தச் சங்கிலியை உருவாக்கிப் பழக்கப் பல ஆண்டுகள் ஆயின. கொழும்புக்குக் கிடைத்தவை சில வாரங்கள். ‘ராடார் வேலை செய்யவில்லை’ என்று ஒரு பெட்டியின் மேல் பழியைப் போடுவது எளிது. அந்தப் பெட்டியைச் சுற்றி வேலை செய்ய வேண்டிய மனிதர்களின் பின்னலைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

கொழும்பின் மேல் அரை மணி நேரம்

இரத்மலானை விமானத்தளத்தில் ஹரிக்கேன் விமானிகள் விடியலிலிருந்தே தயாராக இருந்தார்கள். எதிரி வந்துவிட்டான் என்பதை நிமிர்ந்து பார்த்துத்தான் அறிந்தார்கள். குண்டு விழ விழ மேலே ஏறினார்கள். ஏறிக்கொண்டிருக்கும் விமானம் வேகம் குறைந்தது, திரும்ப முடியாதது. மேலிருந்து பாயும் எதிரிக்கு எளிதான இலக்கு. நகரின் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்திருந்த தற்காலிக ஓடுதளம் ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்தவர்கள் தொல்லையின்றிக் கிளம்பினாலும் தாமதம் தாமதம்தான். அன்று எழுந்த சுமார் நாற்பது போர்விமானங்களில் ஏறத்தாழப் பாதி அழிந்தன. திருகோணமலைக்கு அருகே சீனக்குடாவிலிருந்து, கப்பலைத் தாக்கும் டார்பிடோக்களோடு வந்துகொண்டிருந்த ஆறு பிரிட்டிஷ் சோர்ட்ஃபிஷ் விமானங்கள் தெரியாமல் இந்தச் சண்டைக்குள்ளேயே நுழைந்தன. ஆறும் வீழ்த்தப்பட்டன. ஜப்பானியர் இழந்தவை ஏழு.

துறைமுகத்தில் ஹெக்டர் என்ற ஆயுதம் பூட்டிய வணிகக் கப்பலும் டெனெடோஸ் என்ற பழைய நாசகாரிக் கப்பலும் மூழ்கின. அங்கொடையில் இருந்த மனநல மருத்துவமனையின் மேலும் குண்டுகள் விழுந்தன. போர் நடக்கிறதென்றே அறியாத நோயாளிகள் அங்கே இறந்தார்கள். படைக்கணக்கு சொல்லும் நூல்களில் அவர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது.

விமானந்தாங்கியும் கல்யாணப் பந்தியும்

பிற்பகலில் நடந்ததைப் புரிந்துகொள்ள விமானந்தாங்கிக் கப்பலின் ஒரு தொல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்யாண மண்டபத்துப் பந்தியை நினைத்துப் பாருங்கள். கூடம் ஒன்றுதான். முதல் பந்தி எழுந்து, இலையெடுத்து, துடைத்த பிறகுதான் அடுத்த பந்தி உட்கார முடியும். விமானந்தாங்கியின் மேல்தளமும் அப்படித்தான். கிளம்ப வேண்டிய விமானங்கள் வரிசையாக நிற்கும்போது வானத்திலிருந்து எதுவும் இறங்க முடியாது. இறங்கிக்கொண்டிருக்கும்போது எதுவும் கிளம்ப முடியாது. இதற்கிடையே கீழ்க் கொட்டகையில் அடுத்த பந்திக்கான சமையல்: குண்டு பூட்டுதல், எரிபொருள் நிரப்புதல்.

இந்தச் சமையலில் இரண்டு வகை உண்டு. கட்டடத்தையும் துறைமுகத்தையும் தாக்கச் சாதாரணக் குண்டு. கப்பலைத் தாக்க டார்பிடோ, அதாவது விமானத்திலிருந்து நீரில் விழுந்து, நீருக்குள்ளேயே ஓடி, கப்பலின் வயிற்றில் வெடிக்கும் ஆயுதம். முக்கால் டன்னுக்கு மேல் எடையுள்ள ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட மணிக்கணக்கில் ஆகும்.

நகுமோ முதல் பந்தியைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, இரண்டாம் பந்தியை டார்பிடோக்களோடு வைத்திருந்தார். பிரிட்டிஷ் கப்பல்கள் தென்பட்டால் தேவைப்படும் என்பதற்காக. கொழும்பின் மேலிருந்து தாக்குதல் தலைவர் ஃபுச்சிடா, இன்னொரு தாக்குதல் வேண்டும் என்று செய்தி அனுப்பினார். டார்பிடோக்களைக் கழற்றிக் குண்டு மாட்டும்படி உத்தரவு போனது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, பத்து மணியளவில், டோனே என்ற குரூசரிலிருந்து கிளம்பிய வேவு விமானம் தென்மேற்கே இரண்டு கப்பல்களைக் கண்டது. மறுபடி உத்தரவு மாறியது: குண்டைக் கழற்று, டார்பிடோவை மாட்டு. அவை தயாராகாததால், கடைசியில் டார்பிடோ விமானங்கள் இல்லாமலேயே, செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் விமானங்கள் ஐம்பதுக்குமேல் தனியாகக் கிளம்பின.

அன்று இந்தக் குழப்பத்துக்கு நகுமோ விலை கொடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 4 அன்று, மிட்வே தீவருகே கிட்டத்தட்ட இதே வரிசையில் இதே மாற்றங்கள் நடந்தன. அங்கே அமெரிக்க விமானங்கள் வந்து சேர்ந்தன. அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் இன்னொரு விமானந்தாங்கியான காகாவும் அதோடு முடிந்தன. மிட்வேயைப் பற்றிப் படிக்கிறவர்கள் கொழும்பைத் தாண்டிப்போய்விடுகிறார்கள் என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

இரண்டு கப்பல்கள்

வேவு விமானம் கண்ட கப்பல்கள் டார்செட்ஷயரும் கார்ன்வாலும். இரவில் கொழும்பை விட்டுப் புறப்பட்டு, சோமர்விலோடு சேரத் தென்மேற்கே விரைந்துகொண்டிருந்தன. துறைமுகத்தில் மாட்டக்கூடாது என்று கிளம்பியவை, திறந்த கடலில் தம்மைக் காக்கப் போர்விமானம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தன. வானொலியில் பேசினால் எதிரிக்கு இருப்பிடம் தெரிந்துவிடும் என்பதால் பேச்சும் இல்லை. இதற்கு வானொலி மௌனம் என்று பெயர். எதிரியிடமிருந்து மறைக்கும் அதே மௌனம் நண்பனிடமிருந்தும் மறைத்துவிடும்.

பிற்பகல் 1.40 அளவில், சூரியனைப் பின்னால் வைத்து, கப்பலின் பீரங்கிகள் திரும்ப முடியாத முன்பக்கத்திலிருந்து விமானங்கள் பாய்ந்தன. விழுந்த குண்டுகளில் மிகப் பெரும்பாலானவை இலக்கில் விழுந்தன. 424 பேர் இறந்தார்கள்.

அவர்கள் சேர வேண்டிய கடற்படை நூறு மைலுக்கும் குறைவான தொலைவில் இருந்தது. அந்த இரண்டு கப்பல்கள் எங்கே போய்க்கொண்டிருந்தன என்று நகுமோ யோசித்து அந்தத் திசையில் மேலும் தேடியிருந்தால் போரின் போக்கே மாறியிருக்கலாம். அவர் தேடவில்லை. வேவுக்குப் போகும் ஒவ்வொரு விமானமும் தாக்குதலுக்குக் குறைகிற ஒன்று என்று ஜப்பானியர் கருதியதால் அவர்களுடைய வேவு எப்போதும் மெலிதாகவே இருந்தது. சோமர்விலின் விமானங்கள் மாலையில் ஜப்பானியக் கப்பல்களின் ஒரு பகுதியைக் கண்டன. ஆனால் இரவில் தேடியபோது கிடைக்கவில்லை. கிட்டக் கிட்ட வந்த இரண்டு கடற்படைகளும் குருடர்கள்போல் விலகிப்போயின.

இதுவரை வந்ததைத் தொகுத்துக்கொள்வோம். கொழும்பில் பிரிட்டிஷாருக்கு நாள் தெரிந்திருந்தது, நிமிடம் தெரியவில்லை. பிற்பகலில் ஜப்பானியருக்கு இரண்டு கப்பல்கள் தெரிந்தன, அவற்றின் பின்னணி தெரியவில்லை.

அப்படியானால் இலங்கையைப் பிடிக்க வரவில்லையா?

இல்லை. நகுமோவிடம் தரையிறங்கும் துருப்புகளோ அவர்களை ஏற்றிய கப்பல்களோ இல்லை. இலங்கையைக் கைப்பற்றும் யோசனை ஜப்பானியக் கடற்படைக்குள் பேசப்பட்டது உண்மை. அதற்குத் துருப்பு தர அவர்களுடைய தரைப்படை மறுத்துவிட்டது. வந்தது அடித்துவிட்டுத் திரும்பும் தாக்குதல். ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கி, மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸையும் மூழ்கடித்துவிட்டு அவர்கள் கிழக்கே போய்விட்டார்கள். ஆகவே பர்ச்சல் இலங்கையை ஆக்கிரமிப்பிலிருந்து காத்தார் என்பது பொருந்தாது. துறைமுகத்தில் இருந்த கப்பல்களையும் அவற்றிலிருந்த மனிதர்களையும் காத்தார் என்பதே சரி.

ஆனால் அன்று கரையில் இருந்தவர்களுக்கு இது தெரியாது. ஏப்ரல் 6இல் இன்னொரு ஜப்பானியப் படை விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசியது. வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. அடுத்தது சென்னைதான் என்று நகரமே நம்பியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டுக்கு நகர்ந்தன, மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாகும் என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. பலர் இதை எம்டன் குண்டுவீச்சோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். எம்டன் ஜெர்மன் கப்பல். அது சென்னையைச் சுட்டது முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 அன்று.

நீர்மட்டத்திலிருந்து

டார்செட்ஷயர், கார்ன்வால் கப்பல்களில் இருந்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏப்ரல் 5 பிற்பகலில் எண்ணெய் படிந்த கடலில் மிதந்துகொண்டிருந்தார்கள். இருந்த சில படகுகளில் காயம்பட்டவர்களை ஏற்றினார்கள். மற்றவர்கள் மரத்துண்டுகளைப் பிடித்துக்கொண்டார்கள். நீருக்கு மேல் ஓர் அடி உயரத்தில் இருக்கும் கண்ணுக்குத் தொடுவானம் இரண்டு கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் நண்பன் இருந்தாலும் எதிரி இருந்தாலும் தெரியாது. அந்த இரவையும் மறுநாள் பகலையும் அப்படியே கழித்தார்கள். சுமார் முப்பது மணி நேரம் கழித்து, தேடிவந்த ஒரு விமானம் அவர்களைக் கண்டது. என்டர்பிரைஸ் என்ற குரூசரும் பாலடின், பாந்தர் என்ற இரண்டு நாசகாரிகளும் வந்து 1,122 பேரை நீரிலிருந்து தூக்கின.